வரிசைப்படி பாராட்டு

பஞ்சுவின் முன்பற்கள் இரண்டும் போனதற்கு இன்ஸ்பெக்டர்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பார். மாறாக எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அதுதான் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் அந்த முள் எந்த மீனுடையது என்று தெரியும்.

அந்தக் காவல் நிலையத்து வண்டிக்குச் சைரன் தேவையே இல்லை, இன்ஸ்பெக்டர் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் எதிர்மாடியில் காயப்போட்ட துணி தானாக உலர்ந்துவிடும். காக்கைகள் அந்தத் தெருவுக்கு மேலே பறக்காமல் சுற்றுவழியில் போயின. ஒருமுறை அவர் ஒரு ஜேப்படிக்காரனை அதட்டியபோது, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் அடுத்த தெருவிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்து, தான் திருடிய சைக்கிளை ஒப்படைத்துவிட்டுப் போனான். இதில் சைக்கிள் மட்டும் கொஞ்சம் மிகை. அவன் கொண்டுவந்தது காற்றடிக்கும் பம்ப்தான். மற்றதெல்லாம் சத்தியம். அவர் இல்லாத இடத்தில் அவர் பெயர் ‘சைரன்’.

காலையில் முற்றத்தில் காவலர்கள் வரிசையாக நிற்பார்கள். டூட்டி பிரிப்பதற்கு முன்னால் அர்ச்சனை நடக்கும். தண்டம், கழுதை, சோத்துக்குக் கேடு என்று ஆளாளுக்கு ஒரு பட்டம். பழைய ஆட்கள் அதை மழை மாதிரி எடுத்துக்கொண்டார்கள், நனைந்தால் காய்ந்துவிடும். புதிதாக வந்த பிள்ளைகளோ வேறு ரகம். பட்டப்படிப்பு படித்தவர்கள். திட்டினால் தலை குனியாமல், “எதுக்கு சார்?” என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வருட சர்வீசில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினார். ஒருவன் கூரியர் கம்பெனிக்குப் போனான். ஒருத்தி வங்கிக்குப் போனாள். இன்னொருவன் வேலையை விட்டுவிட்டு நிலையத்துக்கு நேர் எதிரிலேயே கைபேசிக் கடை போட்டான். தினம் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, இந்தப் பக்கம் பார்த்து ஒரு சல்யூட் வேறு.

மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னய்யா, அது ஸ்டேஷனா, பஸ் ஸ்டாப்பா? வர்றவன் எல்லாம் ஏறிப் போய்க்கிட்டே இருக்கான்?”

பயிற்சிக்குப் போகச் சொன்னார். இளைய தலைமுறைக் காவலர்களை வழிநடத்துவது எப்படி என்று அதற்குத் தலைப்பு. குளிரூட்டிய அறை, மெத்தென்ற நாற்காலி. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இன்ஸ்பெக்டரின் மகள் வயதுதான் இருக்கும். கன்னத்தோரம் ஒட்டிய மைக்கில் அவள் சொன்னாள்: “பயந்தவங்க வேலை செய்வாங்க சார், ஆனா தங்க மாட்டாங்க. ஒரு நாளைக்கு ஒருத்தரையாவது, நீங்க கண்ணால பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லிப் பாராட்டுங்க.”

அந்த வாக்கியத்தில் ‘கண்ணால பார்த்த’ என்பதுதான் மருந்து. மீதியெல்லாம் தண்ணீர். இன்ஸ்பெக்டர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தார்.

வந்ததும் ரைட்டரைக் கூப்பிட்டார். நிலையத்தில் எழுத்து வேலையும் டூட்டி பிரிக்கிற வேலையும் பார்க்கும் மூத்த ஏட்டுதான் ரைட்டர். முதலை வாயில் நுழைந்தாலும் அதற்கும் ஒரு ஷிப்ட் போட்டுவிட்டு வெளியே வருகிற ஆள்.

“யோவ் ரைட்டர், தினம் ஒருத்தனைப் பாராட்டணுமாம். யாரை? எதுக்கு? ஒண்ணும் விளங்கல.”

“இதுல என்ன சார் குழப்பம்? டூட்டி போடுற மாதிரி போட்டுடலாம். முதல் நாள் முதல்ல நிக்கிற ஆளு. மறுநாள் அடுத்த ஆளு. குணத்தையும் அதே மாதிரி சுத்தி விட்டுருவோம். வீரம், பொறுமை, வேகம், பேச்சு, விழிப்பு…”

“ஒருத்தனுக்கு வந்ததே மறுபடியும் வந்துட்டா?”

“வராம நான் பார்த்துக்கறேன் சார். இத்தனை வருஷமா காவலுக்கு நிக்கிற பாரா டூட்டி போடறேன். ஒருத்தன் குறை சொல்லியிருக்கானா?”

குறை சொல்ல யாருக்கு அங்கே வாய் இருந்தது! ஆனால் இன்ஸ்பெக்டருக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. யாரையும் உற்றுப் பார்க்க வேண்டாம், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வேலை தன் பாட்டுக்கு ஓடும்.

மறுநாள் காலை அவர் வரிசைக்கு முன்னால் வந்து, “வணக்கம் தம்பிகளா, தங்கச்சிகளா. சாப்பிட்டீங்களா?” என்றார். வரிசை ஆடிப்போயிற்று. அவர் ‘நீங்க’ போட்டுப் பேசியதைக் கேட்டு, மாரடைப்பின் முதல் அறிகுறியோ என்று ஒரு பழைய ஏட்டு தண்ணீர் எடுக்க ஓடினார். பிறகு பாராட்டு தொடங்கியது. தொப்பை பெல்ட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஒருவருக்கு வேகம் கிடைத்தது. நின்றுகொண்டே தூங்கும் கலையில் தேர்ந்த ஒருத்திக்கு விழிப்பு கிடைத்தது. அதை வாங்கிக்கொள்வதற்காக அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

இப்படிச் சில சுற்றுகள் போன பிறகு ஒரு நாள் ‘பேச்சு’, பஞ்சுவின் தலையில் வந்து விழுந்தது.

பஞ்சு என்பது அந்தக் காவலனின் குரலுக்கு வைத்த பெயர். விடுப்புக் கேட்க வேண்டுமென்றால் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். இன்ஸ்பெக்டர் நிமிர்கிற வரை நிற்பான். நிமிர்ந்து, “என்னடா?” என்றால், கேட்க வந்ததை மறந்து திரும்பிப் போய்விடுவான். அப்படிப்பட்டவனைப் பார்த்து, அல்ல, அவன் தலைக்கு மேலே இருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் முழங்கினார்:

“எப்பேர்ப்பட்ட கூட்டமா இருந்தாலும் சரி, இந்தத் தம்பி நாலு வார்த்தை பேசினா அடங்கிடும்! பேச்சாலயே ஆளை வழிக்குக் கொண்டுவர்ற திறமை! அது இவர்கிட்ட இருக்கு!”

பஞ்சுவின் காது சிவந்தது. கழுத்து மெல்ல நிமிர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. இன்ஸ்பெக்டர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்வது போலிருந்தது. யாரும் வேலையை விடவில்லை. மேலதிகாரியே, “பரவாயில்லையே, திருந்திட்டீங்களே!” என்றார். இன்ஸ்பெக்டருடைய மனைவி மட்டும்தான் மசியவில்லை. அவள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. பொய்க் காரணங்களைக் கேட்டே தலை நரைத்தவள்.

“வீட்ல ஒரு நாளும் நல்ல வார்த்தை வந்ததில்ல. அங்க வரிசையில நின்னா கிடைக்குமாமே? நானும் வந்து நிக்கவா?”

அப்போது அவர் சிரித்தார்.

பிறகுதான் அந்த மொட்டைமாடி வந்தது.

வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பேருந்து ஓட்டுநர், பட்டப்பகலில், கட்டி முடிக்காத ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏறி, கைப்பிடிச்சுவர் மேல் உட்கார்ந்துவிட்டார். “யாராவது மேல வந்தீங்க, குதிச்சிருவேன்!” கீழே ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு கைபேசி, சிலருக்கு இரண்டு. தீயணைப்பு வண்டி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு எங்கேயோ அலறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து குதித்து, ‘இறங்குடா கீழே!’ என்று தொடங்க வாயைத் திறந்தார். அந்தச் சத்தத்துக்கே ஆள் விழுந்துவிடுவார் என்பது உறைத்து, மூடிக்கொண்டார். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார்.

“யார் போறீங்க?”

பஞ்சு முன்னால் வந்தான்.

“நான் போறேன் சார். பேசி இறக்கறது எனக்கு வரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அந்தப் பையன் தொடர்ந்து நாலு வார்த்தை பேசி இன்ஸ்பெக்டர் கேட்டதே அன்றுதான். ‘தம்பி, அது சும்மா வரிசைப்படி சொன்னதுப்பா. நீ போகாதே.’ சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் கைபேசிகள். பின்னால் ‘வீரம்’ வாங்கியவன், ‘வேகம்’ வாங்கியவர், ‘விழிப்பு’ வாங்கியவள் எல்லோரும் நிற்கிறார்கள். ஒன்றைப் பொய் என்றால் அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். திருந்திவிட்டார் என்று மேலே போன பேரும் போய்விடும்.

“போங்க,” என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு செங்கல் பறந்தது தெரிந்தது. ஒரு அலறல். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த தொப்பி கசங்கித் துணிப்பந்தாயிற்று. ஓடலாம் என்றால், போனால் குதித்துவிடுவாரோ. நிற்கலாம் என்றால், அங்கே பையன் என்ன ஆனானோ. கடைசியில் படிக்கட்டு வாசலில் ஆள் தெரிந்தது. அந்த ஓட்டுநர் தன் சட்டையைக் கழற்றிப் பஞ்சுவின் வாயில் அழுத்திப் பிடித்தபடி, அவனைத் தோளில் சாய்த்து அழைத்துக்கொண்டு வந்தார். “ஆம்புலன்ஸ் எங்கய்யா? நின்னு படம் எடுக்கறீங்களே, மனுஷங்களா நீங்க?” என்று கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கூட்டம் கைதட்டியது. காவலர் ஒருவர் பேசியே உயிரைக் காப்பாற்றினார் என்று அந்தக் காட்சி ஊரெல்லாம் ஓடியது.

மருத்துவமனையில் பஞ்சுவின் உதட்டில் தையல். முன்பற்கள் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். பேச முடியாது. இன்ஸ்பெக்டரைக் கண்டதும் படுத்தபடியே சல்யூட் வைத்தான். அவனுடைய அம்மா ஒரு தையல் ஆலையில் வேலை செய்பவள். எழுந்து நின்று கைகூப்பினாள்.

“நீங்க சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து இவன் வாசல்லயே சொன்னான் ஐயா. அவங்கப்பா இருந்த வரைக்கும் இவனை ஊமக்கோட்டான், ஊமக்கோட்டான்னுதான் கூப்பிடுவாரு. நீங்கதான் ஐயா என் புள்ளைக்கு வாய் குடுத்தீங்க.”

இன்ஸ்பெக்டர் அந்த வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சன்னலைப் பார்த்தார். சன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு குழாய் மட்டும்தான். அந்தக் குழாயை அவர் பார்த்த பார்வையில் அது தன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பையனுக்குப் பேச்சு வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன். தெரிஞ்சுதான சொன்னீங்க?”

“தெரியாது.”

அவள் திட்டியிருக்கலாம். ஊருக்கெல்லாம் அர்ச்சனை செய்த மனிதர் அன்றைக்குத் தனக்கொரு அர்ச்சனை கிடைக்காதா என்று வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக அலைந்தார். அவளோ விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு நடுவில் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி பேசினார். மாடியில் ஏறி நிற்பவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு கத்தியோடு உட்கார்ந்திருப்பவர்கள், இவர்களிடம் பேசுவதற்கென்றே ஒரு குழு அமைக்கிறார்களாம்.

“உங்க பையன் சேரணும்னு கேட்டிருக்கான். பேச்சாலயே இறக்கினவனாச்சே! உங்க வாயால ஒரு வார்த்தை, ‘சரியான ஆளு’ன்னு சொல்லிடுங்க. எடுத்துக்குவோம்.”

இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் டயம் கேட்டார். அவருடைய ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று இப்போது அவருக்குத் தெரியும். இரண்டு முன்பற்கள். அடுத்த முறை எதிரில் இருப்பவன் கையில் செங்கல்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பஞ்சு வேலைக்குத் திரும்பிய அன்று அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அவரே எழுந்து கதவைச் சாத்தினார். அந்த அறைக்கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டு எத்தனையோ காலமாயிற்று. அவர் திட்டுவது வெளியே கேட்க வேண்டும் என்பதற்காக எப்போதும் திறந்தே கிடந்த கதவு அது. வெளியே ரைட்டர் காதைச் சுவரில் வைத்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். வைத்துக்கொள்ளட்டும்.

“உக்காருப்பா.”

“பரவால்ல சார்.” பல் இல்லாத இடத்தில் காற்று புகுந்து ‘சார்’ ஒரு சின்ன விசிலோடு வந்தது. அந்த விசில் ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் ஊசியாக இறங்கியது.

“உக்காருன்னு சொல்றேன்ல! … உக்காருங்க. இந்த பாரு, அன்னைக்கு நான் உன்னைப் பத்திச் சொன்னேனே, பேச்சு, திறமை, அது இதுன்னு. அது உன்னைப் பார்த்துச் சொன்னதில்ல. நீ அந்த இடத்துல நின்ன. அன்னைக்குப் பேச்சோட முறை. அவ்வளவுதான். வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன்.”

“தெரியும் சார்.”

“என்ன தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் சார். ரெண்டாவது சுத்துலயே கண்டுபிடிச்சுட்டோம். எந்த நாள் எது வரும்னு பார்த்து இடம் மாத்தி நிப்போம். வீரம் வர்ற அன்னைக்கு வரிசையில அடிதடியே நடக்கும். நம்ம தொப்பை அண்ணன் வேகத்துக்காக ஒரு வாரம் அடுத்தவனோட பாராவைப் பார்த்தாரு. நானும் என் லீவை ஒருத்தனுக்கு விட்டுக் குடுத்துட்டுத்தான் அங்க வந்து நின்னேன்.”

இன்ஸ்பெக்டருக்கு ஒரு கணம் மலையே தோளிலிருந்து இறங்கியது போலிருந்தது. அப்படியென்றால் பையன் ஏமாறவே இல்லை! பிறகு என்ன பாவம், என்ன பழி? ஆனால் இறங்கிய மலை சும்மா போகவில்லை, காலில் விழுந்தது.

“பொய்னு தெரிஞ்சும் ஏன்டா மேல போன?”

பஞ்சு மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மனசுக்குத் தெரியும் சார். காதுக்குத் தெரியலையே. நாலு பேர் முன்னாடி, சத்தமா, எனக்குப் பேச வரும்னு ஒருத்தர் சொல்லி ஒரு தடவையாவது கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டப்புறம் அது உள்ள போய் உக்காந்துக்கிச்சு. நீங்க ‘யார் போறீங்க’ன்னு கேட்டப்ப, அது எழுந்து முன்னாடி வந்துருச்சு.” கொஞ்சம் தயங்கினான். “ஒண்ணு கேக்கலாமா சார்? கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“அதுக்கு முன்னாடி தண்டம், கழுதைன்னு சொன்னீங்களே. அதை மட்டும் பார்த்துச் சொன்னீங்களா?”

சுவருக்கு அந்தப் பக்கம் ரைட்டர் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். இன்ஸ்பெக்டருக்கோ, இத்தனை வருடமாக முற்றத்தில் நின்ற வரிசைகள் எல்லாம் கண்முன் வந்தன. ஆனால் பாருங்கள், வரிசை வந்தது. முகம் ஒன்றுகூட வரவில்லை. கூரியருக்குப் போனவனுக்கு மீசை இருந்ததா? வங்கிக்குப் போனவள் எந்த ஊர்க்காரி? எதிர்க்கடைக்காரனின் முகம் தெரிகிறது. அதுவும் அவன் வேலையை விட்ட பிறகு, தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்த முகம்.

“இல்லப்பா,” என்றார். “அதையும் பார்க்கல.”

பிறகு அவரே கேட்டார்.

“மேல போய் அந்த ஆள்கிட்ட அப்படி என்னதான்டா பேசின?”

“முதல்ல நீங்க சொன்ன மாதிரியே பேசினேன் சார். ‘வாழ்க்கைன்னா மேடு பள்ளம் இருக்கும்’னு ஆரம்பிச்சேன். செங்கல் வந்துருச்சு.” விசிலோடு சிரித்தான். “அப்புறம் பேச வாய் இல்ல. வலி உயிர் போகுது. அப்படியே தரையில உக்காந்துட்டேன். வேற வழியில்லாம அவரையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவரும் பார்த்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரா பேச ஆரம்பிச்சாரு. பஸ்ஸு, பிரேக்கு, அந்த ஆக்சிடென்ட்டு, அதிகாரி சொன்ன வார்த்தைன்னு எல்லாம் சொன்னாரு. நான் தலையாட்டக்கூட இல்ல சார், ஆட்டினா வலிக்குது. எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, ‘ஐயோ தம்பி, உனக்கு ரத்தம் நிக்கலையே’ன்னு சுவத்துல இருந்து இறங்கி வந்தாரு.”

“அப்ப பேச்சால இறங்கல.”

“வாய் உடைஞ்சப்புறம்தான் சார் வேலையே நடந்துச்சு.”

அவர் பாராட்டியதைச் செய்ததற்குச் செங்கல். செய்யாமல் விட்டதற்கு ஒரு உயிர். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அந்தக் குழுவுக்கு நான் போகலாமா சார்? வரிசை எல்லாம் இல்லாம, இப்பச் சொல்லுங்க. எனக்கு வருமா, வராதா?”

“தெரியலப்பா. நான் பார்க்கலையே. பார்க்காம எப்படி ‘சரி’ன்னு சொல்றது?”

பஞ்சுவின் முகம் மாறியது. அந்தக் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தடித்தது.

“அப்பச் சொல்றதுக்குக் கண்ணு தேவைப்படல. எனக்கு வேணும்கிறப்ப மட்டும் தேவைப்படுதா சார்?”

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த வாக்கியத்துக்குக் கட்டடத்தின் ஓடுகள் எல்லாம் பறந்திருக்கும். இன்ஸ்பெக்டர் மேசை மேலிருந்த போனை எடுத்து, அவன் எதிரிலேயே மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

“சார், அந்தப் பையன் விஷயமா. எனக்குத் தெரியல சார்… ஆமா, பாராட்டினது நான்தான். பார்க்காம பாராட்டிட்டேன்… எல்லாரையுமே அப்படித்தான் சார். டூட்டி மாதிரி போட்டு ஓட்டிட்டேன்… அதை நம்பித்தான் அவன் மேல போறான்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் அனுப்பினேன்.”

மறுமுனையில் கிடைத்தது சாதாரண அர்ச்சனை அல்ல, மகா அபிஷேகம். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் பஞ்சுவுக்குக் கேட்டது. கடைசியில், “ஒரு வாரம் டயம். பார்த்துட்டுச் சொல்லுய்யா! அப்புறம் உன்னை என்ன பண்றதுன்னு நான் பார்க்கறேன்!” என்று முடிந்தது.

“வண்டியை எடு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஜீப்பா சார்?”

“உன் பைக்குப்பா. நீ எங்கெங்க போறியோ, பின்னாடி நானும் வர்றேன்.”

அந்த வாரம் ஊர் பார்த்த அதிசயம் அதுதான். காவலன் ஓட்ட, இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்து போனார். கடைசி நாள், ஒரு சந்தில் மாடிக்காரிக்கும் கீழ்வீட்டுப் பெரியவருக்கும் சண்டை. மாடியிலிருக்கும் பூந்தொட்டித் தண்ணீர் பெரியவரின் ஸ்கூட்டர் சீட்டில் சொட்டுகிறதாம். அந்தச் சொட்டுக்காக இரண்டு வீட்டு வம்சமும் சந்திக்கு வந்திருந்தது. ஒருவர் பேச்சில் எருமை வந்தது, இன்னொருவர் பேச்சில் எருமையின் மாமியாரே வந்தாள். இன்ஸ்பெக்டருக்குத் தொண்டை அரித்தது. “ஏய்…” என்று பாதிச் சத்தம் வெளியே வந்தும்விட்டது. பஞ்சு திரும்பி அவரைப் பார்த்தான். கை காட்டவில்லை, வாய் திறக்கவில்லை, வெறும் பார்வை. மீதிச் சத்தத்தை அவர் விழுங்கிவிட்டார்.

பஞ்சு போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு கத்துவது குறைந்து சொல்வதாக மாறியது. ஒரு இடத்தில் அவர் நிறுத்திப் பெருமூச்சு விட்டார். அப்போது பஞ்சு எழுந்து, ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வந்த பேச்சில் தண்ணீரும் இல்லை, தொட்டியும் இல்லை. எங்கோ இருக்கும் மகன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போனதைப் பற்றித்தான் பெரியவர் சொன்னார். மாடிக்காரி, “ஏன் மாமா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று தொட்டியை நகர்த்தப் போனாள்.

சந்து முனைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“அவர் மூச்சு விட்டாரே, அப்ப ஏன் ஒரு படி கீழ இறங்கின?”

பஞ்சு வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“அதைப் பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேன்.”

“தெரியல சார். பக்கத்துலயே இருந்தா என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். கீழ இருந்தா அவர் பாட்டுக்குப் பேசலாமேன்னு.”

இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் பேசினார். “பையனுக்குப் பேச வராது சார். ஆனா எடுத்துக்குங்க,” என்றார். ஏன் என்று மறுமுனை கேட்டதற்கு, அந்தப் படியைப் பற்றிச் சொன்னார். நீட்டி முழக்கத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தது அவ்வளவுதான் இருந்தது.

பஞ்சு வண்டியில் ஏறினான்.

“இந்தா, பல்லு வலிக்குதா இன்னும்?”

“காத்து பட்டா மட்டும் சார். ஓட்டறப்ப கொஞ்சம் சுள்ளுங்கும்.”

ஒரு வாரமாக அவன் முதுகுக்குப் பின்னால் சொகுசாக உட்கார்ந்து வந்திருக்கிறார். எதிர்க்காற்று அத்தனையும் அந்த வாயில்தான் அடித்திருக்கிறது. பார்க்கக் கிளம்பிய மனிதர் அதைப் பார்க்கவில்லை.

“இறங்கு,” என்றார். “நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காரு.”

“சார், நீங்க பைக் ஓட்டி எத்தனை வருஷமாச்சு?”

“அது உனக்கு எதுக்கு? தலையைக் குனிஞ்சு என் முதுகுல ஒட்டி உக்காரு.”

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கோழியைப் பயமுறுத்தி, ஒரு முறை நின்று, பிறகு கிளம்பியது. காற்று அவர் முகத்தில் அடித்தது. கண்ணில் தூசியும் விழுந்தது. பின்னாலிருந்து பஞ்சு, “பிரேக்கு சார், வலது கால்ல சார்,” என்று விசிலடித்துக்கொண்டே வந்தான். இன்ஸ்பெக்டர் பற்களைக் கடித்துக்கொண்டு, அத்தனை பற்களையும் கடித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டினார்.